அம்மாவின் இரண்டு வார்த்தை வங்காளம்

பஸ்ஸின் தகர உடம்பில் கண்டக்டர் உள்ளங்கையால் அறைகிற சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஓர் அறை என்றால் நில், இரண்டு என்றால் போ. கூடவே "ஆஸ்தே லேடீஸ், கோலே பாச்சா!" என்று ஒரு கூவல் வரும். மெதுவாகப் போ, பெண்கள் இறங்குகிறார்கள், இடுப்பில் குழந்தை இருக்கிறது என்று டிரைவருக்குச் சொல்வது அது. கல்கத்தாவில் அந்தக் கூவலுக்கு மட்டும்தான் பஸ் முழுசாக நிற்கும். மற்றவர்களெல்லாம் ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதித்துக்கொள்ள வேண்டியதுதான். என் தங்கை வடிவுக்கு அப்போது ஏழு வயது, நன்றாக வளர்ந்த பிள்ளை. இருந்தாலும் இறங்குகிற இடம் வந்ததும் அம்மா அவளை அலாக்காகத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வாள். வடிவின் கால்கள் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கும். கண்டக்டர் பார்ப்பார், சிரிப்பார், ஆனாலும் கூவுவார். பஸ் நிற்கும். இறங்கியதும் அம்மா பிள்ளையைத் தொப்பென்று கீழே விட்டுவிட்டுச் சேலையைச் சரி செய்துகொள்வாள்.

குறைந்த செலவில் ஊர் சுற்றுவது எப்படி என்று இன்று என்னிடம் பலபேர் கேட்கிறார்கள். நான் நிறைய ஊர் பார்த்தவள் என்பதால் கேட்கிறார்கள். செல்போனைத் திறந்தால் அதற்கு ஆயிரம் யோசனைகள் கொட்டிக் கிடக்கின்றன, எதையும் நான் பழிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அம்மா அந்த வித்தையைக் கற்றது தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதத்தில், ஒரே ஒரு பயணத்தில். அந்தப் பயணம் மட்டும் கெட்டிருந்தால் நாங்கள் ஆயுசுக்கும் எந்த ஊரையும் பார்த்திருக்க மாட்டோம்.

அப்பா மத்திய அரசாங்க உத்தியோகஸ்தர். மதராஸிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து, டாக்குரியாவில் ரயில் தண்டவாளத்தை ஒட்டி ஒரு மாடி வீட்டில் இருந்தோம். பயணம் என்றால் எங்களுக்கு ஹௌராவில் மெயில் ஏறி மதராஸ், அங்கிருந்து இன்னொரு ரயிலில் திருநெல்வேலி. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, இதற்கெல்லாம் தலையைக் காட்டிவிட்டு அதே வழியில் திரும்பி வருவோம். அதற்குப் பெயர் பயணமா? ஆஜர் கொடுப்பது. ஆனால் எங்களைச் சுற்றி இருந்த வங்காளிகளோ பூஜை விடுமுறை வந்துவிட்டால் போதும், மடித்துச் சுருட்டிய படுக்கையும் குரங்குக் குல்லாவுமாகக் குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள். கையில் காசு குறைவாக இருக்கிறவர்களும் பக்கத்திலாவது எங்காவது போய்வருவார்கள். எங்கள் தெருவில் அந்த மாதத்தில் யாரைப் பார்த்தாலும் "கோத்தாய் ஜாச்சேன்?" என்றுதான் கேட்பார்கள். எங்கே போகிறீர்கள் என்று அர்த்தம். ஒவ்வொரு வருஷமும் அம்மா சிரித்துக்கொண்டே "நேய்" என்பாள். மாடிப்படி ஏறும்போது அந்தச் சிரிப்பு இருக்காது.

இந்த "நேய்" பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் வங்காளம் இரண்டே வார்த்தைகளால் ஆனது. "ஆச்சே" என்றால் இருக்கிறது, "நேய்" என்றால் இல்லை. "ஆச்சே" நம்ம ஊர்ச் சொல் மாதிரியே இருந்ததால் அவளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிட்டது. "இருக்கு, இல்ல, இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும்ட்டி, மிச்சத்துக்குக் கை எதுக்கு இருக்கு?" என்பாள். காய்கறிக்காரியிடம் "பேகுன் ஆச்சே?" என்று கத்தரிக்காய் கேட்பாள். மின்சாரம் போய்விட்டால் பக்கத்து வீட்டுக்காரியிடம் "கரெண்ட் நேய்!" என்பாள். ஜலதோஷம் பிடித்திருந்தால் மூக்கைத் தொட்டுக்காட்டி "ஆச்சே" என்பாள். பள்ளிக்கூடத்தில் வங்காளம் படித்த எனக்கு மானம் போகும். ஆனால் லேக் மார்க்கெட்டில் இலக்கணமாகப் பேசிய என்னைவிட அவளுக்குத்தான் கறிவேப்பிலை கொசுறு கிடைத்தது.

அந்த வருஷம் அம்மா பொறுமை இழந்துவிட்டாள். லட்சுமி பூஜை முடிந்து, போனவர்களெல்லாம் திரும்பி வந்துகொண்டிருந்த நேரம். எங்களுக்குக் காளி பூஜை வரைக்கும் பள்ளிக்கூடம் இல்லை. "எல்லாரும் திரும்பி வாரப்போதான் நாம போவணும் அத்தான். கூட்டம் இருக்காது, ரூமு சும்மா கெடக்கும்" என்றாள். அப்பா அவளுக்கு அத்தை மகன், அதனால் கடைசிவரைக்கும் அத்தான்தான். போக வேண்டிய ஊர் பிஷ்ணுபூர் என்பதையும் அவளே தீர்மானித்திருந்தாள். தர்மதலா பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒரே பஸ், அரைநாள் பயணம், செங்கல்லில் கட்டிய கோயில்கள். டாக்குரியா ஸ்டேஷன் வாசலில் காய் விற்கிற பெண்கள், பால் பூத் வரிசையில் நிற்கிற பெண்கள் என்று ஒருத்தர் விடாமல் கேட்டு வைத்திருந்தாள். ஆம்பிளைகளிடம் வழி கேட்டால் கௌரவத்துக்காகத் தெரியாததையும் சொல்வார்கள் என்பது அவள் கட்சி.

அப்பா நல்ல மனுஷர், ஆனால் ஹோட்டல் என்றாலே தொடைநடுங்கி. தண்ணீர் சேராது, திருடன் வருவான், மூட்டைப்பூச்சி கடிக்கும் என்று அவர் சொல்லச் சொல்ல அந்த ஊரே எங்களுக்கு எதிராகக் கிளம்பி வருவது மாதிரி இருக்கும்.

"எனக்கு ஆடிட் வருது கோமதி. லீவு கெடைக்காது. தீபாவளியை வச்சுக்கிட்டு எவளாவது ஊர் சுத்துவாளா?"

"முறுக்கு சுட்டாச்சு, முந்திரிக்கொத்தும் ஆச்சு. நான் பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு வியாழக்கிழம போறேன். நீங்க சனிக்கிழம சாயங்காலம் வந்து சேருங்க."

அப்பா விரலை நீட்டினார். "சரி, போ. ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். எங்கயாவது மாட்டிக்கிட்டு முழிச்சு ஆபீசுக்குப் போன் போட்டேன்னு வையி, அதுக்கப்புறம் இந்த வீட்டுல ஊர் பாக்கற பேச்சே எடுக்கக் கூடாது. ஆயுசுக்கும் திருநவேலிதான்."

"சரி அத்தான்" என்றாள் அம்மா. அவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, ஏனென்றால் ஒரே ஒரு போன் செய்துவிட்டால் எல்லாம் முடிந்தது.

அவள் கிளம்பிய அழகு இருக்கிறதே! முதல் நாள் முழுக்கக் கடையில் கை நனைக்கக் கூடாது என்று கட்டுச்சோறு: புளிச்சோறு, பருப்புத் துவையல். பின்சக்கரத்துக்கு மேல் இருக்கும் இருக்கை தூக்கிப் போடும் என்று கண்டக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு முன்னால் இடம் பிடித்தாள். டூரிஸ்ட் என்று தெரிந்தால் எல்லா விலையும் ஏறும், சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருக்கவேண்டும் என்று வளையலையெல்லாம் கழற்றிப் பீரோவில் பூட்டினாள். தாலிச் சங்கிலியை ஜாக்கெட்டுக்குள் தள்ளி ஊக்கு போட்டுக்கொண்டாள். துவைத்துத் துவைத்து வெளுத்துப்போன, கரையே தெரியாத ஒரு வாயில் சேலையைக் கட்டிக்கொண்டாள். போதாததற்கு ஒரு விரதம் வேறு. அந்த வருஷம் எனக்கு மஞ்சள் காமாலை வந்து தேறியதற்காக, ஐப்பசி முழுக்க ஒரு பொழுது இருப்பதாக நேர்ந்திருந்தாள். மத்தியானம் ஒரு வேளைதான் சோறு, ராத்திரிக்குப் பாலும் பழமும். "இதுவும் ஒரு மிச்சம்தான்" என்று சிரித்தாள்.

ஆராம்பாக் ஊரைத் தாண்டியதும் சாலை எங்களைப் புடைத்து எடுத்தது. பிறகு சால் மரக் காடு வந்தது, மண் சிவந்தது. "ஏட்டி, மண்ணப் பாருங்க, நம்ம தேரிக்காட்டு மண்ணு மாதிரியே இருக்கு" என்று அம்மா கத்தியதில் முன் இருக்கைக் கிழவர் தூக்கம் கலைந்து திரும்பிப் பார்த்தார். அவள் முகம் அப்படி மலர்ந்து நான் எந்தக் கல்யாண வீட்டிலும் பார்த்ததில்லை.

பிஷ்ணுபூரில் இறங்கி, பஸ் ஸ்டாண்ட் வாசலில் இருந்த லாட்ஜுகளை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. உள்ளே தள்ளிப் போனால்தான் மலிவு என்று நடத்திக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு சின்ன லாட்ஜ். மேஜைக்குப் பின்னால் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எங்களுக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். "ஜென்ட்ஸ் நேய்?" என்றார். அம்மாவும் "நேய்" என்றாள். "தாஹோலே ரூம் நேய்" என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை மறுபடி விரித்துக்கொண்டார். ஆம்பிளை கூட இல்லையென்றால் அறை இல்லை, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த வங்காளத்தையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை அப்பா வருவார் என்றேன். சனிக்கிழமை வாருங்கள் என்றார். அடுத்த லாட்ஜிலும் இதே கதைதான்.

தெருவோரம் ஓர் அடிபம்பு இருந்தது. வடிவு அழ ஆரம்பித்திருந்தாள். நான் பம்பை அடித்தேன், அம்மா அவள் முகத்தைக் கழுவிவிட்டு, தன் முகத்தையும் அழுத்தித் தேய்த்துக் கழுவினாள். நெற்றியில் இருந்த குங்குமமும் தண்ணீரோடு போய்விட்டது. எதிரே ஒரு கடையில் மஞ்சள் எழுத்தில் டெலிபோன் பூத் என்று எழுதியிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

அப்போதுதான் மாஷிமா வந்தார். பெரியம்மா என்கிற மாதிரி ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். குடையும் துணிப்பையுமாக, விரல்களில் சாக்பீஸ் தூளோடு, கரையில்லாத வெள்ளைச் சேலையில் வந்துகொண்டிருந்தவர், அழுகிற பிள்ளையைப் பார்த்து நின்று என்ன என்று கேட்டார். ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர், அவர் பள்ளிக்கூடம் லட்சுமி பூஜையோடு திறந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அம்மா லாட்ஜைக் காட்டி "கொர் நேய்" என்றாள். அறை இல்லை. அவர் எங்கள் மூவரையும் பார்த்தார், அம்மாவின் வெறும் கைகளைப் பார்த்தார். "கொர்த்தா கோத்தாய்?" என்று கேட்டார். வீட்டுக்காரர் எங்கே?

அம்மா தமிழில் யோசித்து, வங்காளத்தில் பதில் சொன்னாள்: "உனி நேய்."

அவர் இல்லை. கூட வரவில்லை என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. எனக்கும் அது சரியாகவே பட்டது. மாஷிமா "ஆஹா ரே" என்று ஒரு பெருமூச்சு விட்டு, ஒரு கையில் எங்கள் பையையும் மறு கையில் வடிவின் கையையும் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

பலாமரம் வைத்த பழைய வீடு. தனியாக இருந்தார். தெருப்பக்கத்து அறையைத் திறந்து எங்களுக்குக் கொடுத்தார், வாடகைப் பேச்சு எடுத்தபோது அம்மாவின் வாயைக் கையால் பொத்தினார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டதற்கு அம்மா, "மாச் நேய், மாங்ஷோ நேய், நிராமிஷ்" என்றாள். மீனும் கறியும் வேண்டாம், சைவம் என்று அர்த்தம். ராத்திரி சோறு வேண்டாம், ஒரு வேளைதான் என்று விரலைக் காட்டியபோது மாஷிமாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அவரும் அப்படித்தானாம். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு, கசகசா அரைத்து உருளைக்கிழங்கில் போட்ட போஸ்தோவும், கசப்பும் இனிப்புமாக ஒரு கூட்டும் சமைத்தார். எங்களுக்குப் போட்டுவிட்டு, அம்மாவும் அவரும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்திக்கு வங்காளம் இரண்டு வார்த்தை. எதைப் பேசி அவ்வளவு நேரம் சாப்பிட்டார்கள் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, அதற்கு மேல் எதையும் பார்க்கக் கூடாது, கண்ணும் காலும் கெட்டுவிடும் என்பது அம்மாவின் சட்டம். காலையில் ரிக்‌ஷா வைத்து ஒரு கோயிலுக்குப் போனோம். நெல்லையப்பர் கோயில் கல்லைப் பார்த்தே வளர்ந்தவள், சுட்ட மண்ணில் யானையும் படகும் போர்வீரர்களுமாக வரிவரியாக ஓடுகிற சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "சட்டிப்பானை செய்யற மண்ணுட்டி இது! என்னமா செஞ்சிருக்கான் பாரு, படுபாவி!" என்று அவள் வாய்விட்டுப் பாராட்டியதைக் கேட்டு ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். ரிக்‌ஷாக்காரர் எவ்வளவு நேரமானாலும் முகம் சுளிக்காமல் காத்திருந்தார். எங்கே போனாலும் எங்களுக்குத் தின்னக் கொடுத்தார்கள், உட்காரப் பலகை போட்டார்கள். "பாத்தியா? சாதாரணமா உடுத்தி மரியாதையா நடந்துகிட்டா எந்த ஊரும் நம்ம ஊருதான்" என்றாள் அம்மா. அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சாயங்காலம் மோத்திச்சூர் லட்டு வாங்கப் போனோம். கடைக்காரர் வடிவுக்கும் எனக்கும் கையில் இரண்டு இரண்டாகத் திணித்தார். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "மாஷிமா வீட்டு மதராஸிப் பெண். ஒல்போ பொயோஷே பிதோபா. ஆஹா, இரண்டு பெண் குழந்தைகள்." ஒல்போ பொயோஷே என்றால் சின்ன வயசிலே. பிதோபா? அந்த வார்த்தை எனக்குத் தெரியாது. ஆனால் வங்காளிகளிடம் வகரம் எல்லாம் பகரமாகும் என்று தெரியும். என் தோழி விஜயாவை டீச்சர் பிஜோயா என்றுதான் கூப்பிடுவார். லட்டை மென்றுகொண்டே பகரத்தை வகரமாக்கிப் பார்த்தேன். விதோவா, விதவை என்று வந்தது.

சந்து முனையில் அம்மாவிடம் சொன்னேன். "வாயக் கழுவுட்டி!" என்று கையை ஓங்கினாள். பிறகு ஓங்கிய கை அப்படியே நெஞ்சுக்குப் போய்த் தாலியைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது. யார் வீட்டு வாசற்படி என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்துவிட்டாள். வளையல் இல்லாத கை, வெளுத்த சேலை, ஒரு வேளைச் சோறு, "உனி நேய்". செலவு குறைய அவள் செய்த கெட்டிக்காரத்தனம் எல்லாம் சேர்ந்து அப்பாவைக் கொன்றுவிட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சுமங்கலி காதால் கேட்கவே கூடாத வார்த்தை அது. அவள் அழுதாள், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்து அழுதாள். எனக்கு வேறு பயம். உண்மையைச் சொன்னால் மாஷிமா எங்களை வெளியே அனுப்பிவிடலாம். அந்த நேரத்தில் எங்கே போவது? சொல்லாவிட்டால் மறுநாள் அப்பா வந்து நிற்பார்.

"அம்மா, அப்பா வந்தப்புறம் சொல்லிக்கலாமே" என்றேன்.

"அவங்க சோத்தத் தின்னுட்டு, பொய்ய வச்சுக்கிட்டு அந்த வீட்டுல படுக்கச் சொல்லுதியா? ரூமு போனா போவுது. எந்திரி" என்றாள்.

மாஷிமா விளக்கு ஏற்றிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். அம்மா ஊக்கைக் கழற்றித் தாலிச் சங்கிலியை வெளியே இழுத்து, அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு கத்தினாள்: "உனி ஆச்சே! மாஷிமா, உனி ஆச்சே! ஆபீஸ் ஆச்சே!" மீதியை நான் வங்காளத்தில் சொன்னேன். எங்கள் ஊரில் தாலிதான் அடையாளம், இங்கே மாதிரிச் சங்கு வளையல் இல்லை, வகிட்டில் சிந்தூரம் இல்லை, அப்பா நாளைக்கு வருகிறார். மாஷிமாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அம்மாவின் மோவாயைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். "இன்று காலையில் நீ பொட்டு வைத்தபோதே நினைத்தேன். உங்கள் தேசத்தில் விதவையும் வைக்கலாம் போலிருக்கிறது, நல்ல தேசம் என்று நினைத்துக்கொண்டேன்" என்றார். பிறகு சட்டென்று முகம் மாறிவிட்டது. "என்ன காரியம் செய்துவிட்டேன்! ஒரு சுமங்கலிக்கு என் அடுப்புச் சோற்றைப் போட்டேனே, பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட்டேனே" என்று பதறினார். கொஞ்ச நேரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனக்கு ஒரு துணை கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டிருந்ததாகவும் மெல்லச் சொன்னார். அதை நான் தமிழில் சொன்னபோது அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் பரிகாரமாக எங்களைச் சங்கறுப்பவர்களின் தெருவுக்குக் கூட்டிப்போனார். அம்மாவின் கையில் சங்கு வளையலும் வகிட்டில் சிந்தூரமும் ஏறிவிட வேண்டும், அப்போதுதான் அவர் மனசு ஆறும். கடை வாசல் வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். உள்ளே வரவில்லை. விதவை இதையெல்லாம் தொடக் கூடாது. கடைக்காரர் தன் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடக் குரல் கொடுத்தார்.

அம்மா அந்தப் பெண்ணுக்காகக் காத்திருக்கவில்லை. வாசலுக்குப் போய் மாஷிமாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்து, தன் கைகளை அவர் முன்னால் நீட்டினாள். மாஷிமா தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். "ஆப்னி ஆச்சே" என்றாள் அம்மா. தெருவை ஒரு தரம் காட்டி, "ஆர் கேவு நேய்" என்றாள். நீங்கள் இருக்கிறீர்கள். வேறு யாரும் இல்லை.

அம்மா ஒன்றும் புரட்சிக்காரி இல்லை. திருநெல்வேலியில் நல்ல காரியத்துக்குக் கிளம்பும்போது விதவை எதிரே வந்தால் திரும்ப உள்ளே வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவள்தான். அன்று அந்தக் கடையில் அவள் கைகள் நீட்டியபடியே இருந்தன. மாஷிமா சோப்பு தடவி, வலிக்காமல் வளையலை ஏற்றினார். சிந்தூரம் வைக்கும்போது அவர் கைக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்ததால் வகிட்டில் பாதியும் மூக்கில் பாதியும் விழுந்தது. அன்று மத்தியானம் அவர் அம்மாவுக்குத் தனியாகத் தள்ளித் தட்டு வைத்தார். அம்மா அதை எடுத்துப் பழைய இடத்தில், அவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள். என் அம்மாவை நினைத்து நான் முதல்முதலாகப் பெருமைப்பட்டது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் காத்திருந்து அப்பாவைச் சந்துக்கு அழைத்து வந்தபோது ரிக்‌ஷாக்காரர் அவரைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி "பாபு ஆச்சேன்!", ஐயா இருக்கிறார், என்று அறிவித்தார். வீட்டுக்கு வீடு வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். லட்டுக் கடைக்காரர் கும்பிட்டார். "என்ன கோமதி, எல்லாரும் என்னைய இப்படிப் பாக்காங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் அப்பா. பலாமரத்தடியில் அம்மா ஒன்று விடாமல் சொன்னாள். லாட்ஜில் இடம் கிடைக்காததையும் மறைக்கவில்லை. அப்பா பஞ்சாங்கம் பார்க்காமல் நகம் வெட்டாதவர்.

அவர் அம்மாவின் சங்கு வளையலை ஒரு தரம் உருட்டிப் பார்த்தார். "நான் செத்துப்போயிட்டேன்னதுக்கே இவ்வளவு உபசாரமா? உசுரோட கூட வந்திருந்தா ஊரையே எழுதிக் குடுத்திருப்பாங்க போலுக்கே!"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "போன் போடலையே அத்தான்" என்றாள்.

"போடல" என்று ஒத்துக்கொண்டார் அப்பா. ஞாயிற்றுக்கிழமை திரும்புகிற பஸ்ஸில் சால் காடு முடிவதற்குள், "அடுத்த லீவுக்கு எந்த ஊரு?" என்று அவரே கேட்டார்.

பிறகு முர்ஷிதாபாத், பூரி, சாந்திநிகேதன், டார்ஜிலிங் என்று வருஷா வருஷம் போனோம். கூட்டம் திரும்புகிற நாளில் கிளம்புவது, பெண்களிடம் வழி கேட்பது, முதல் நாள் கட்டுச்சோறு, ஒரு வேளைக்கு ஓர் இடம். எந்தச் சட்டமும் மாறவில்லை, வளையலை மட்டும் அம்மா அதற்குப் பிறகு கழற்றவில்லை. இரண்டாயிரத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சென்னைக்கு மாற்றலானது. மாஷிமா இருந்தவரைக்கும் ஒவ்வொரு பூஜைக்கும் அம்மாவுக்கு இரண்டு வரி எழுதிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் வேலையாகக் கல்கத்தா போனபோது பிஷ்ணுபூருக்கும் போய்வந்தேன். நல்ல சாலை, நல்ல கார். பலாமரம் இருந்த இடத்தில் மூன்று மாடி நிற்கிறது. செல்போனிலேயே அறை எடுத்துவிட்டேன். அடையாள அட்டையைப் படம் பிடித்துக்கொண்டு சாவியைக் கொடுத்தார்கள். தனியாக வந்த பெண்ணுக்கு அறை உண்டா இல்லையா என்ற பேச்சே இல்லை. அது நல்லதுதான், அந்த லாட்ஜுக்காரரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனால் தெருவில் நின்று பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்க இப்போது யாரும் இல்லை. யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு நாள் தங்கி, ஒருத்தரையும் தெரிந்துகொள்ளாமல் திரும்பினேன்.

அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. முதல் வருஷம் எங்கும் போகக் கூடாது என்றார்கள் சொந்தக்காரர்கள், அம்மா போகவில்லை. அதற்குப் பிறகு, இனிமேல் தனியாக எங்கே போகப்போகிறாய், பிள்ளைகள் கூட்டிப்போனால் போ என்றார்கள். நாங்களும் வயசாகிவிட்டது, ஆசை அடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். சென்ற மாதம் காலையில் போன் செய்தாள். மணிப்பூரில் பெண்களே நடத்துகிற பெரிய சந்தை ஒன்று இருக்கிறதாம், அங்கே போக வேண்டுமாம், டிக்கெட் போடு என்றாள். எனக்கு லீவு இல்லை, வடிவுக்கும் முடியாது.

"கூட யாரும்மா வாரா?" என்று கேட்டேன்.

"நான்தான்ட்டி" என்றாள்.